தவளைவாயன் காட்டித் தரப்படும்

கண் முன்னால் இருக்கிற ஒன்றை, இருக்கிறது என்று நம்ப வைப்பதுதான் என் தொழில். ஜாதகம் பார்க்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு கஷ்டம் கிடையாது.

திருவனந்தபுரத்தில் இருந்து பொன்முடிக்குப் போகிற வழியில், மலை ஏறுவதற்கு முன்னால் வருவது கல்லாறு. அங்கே ஆற்றை ஒட்டிய காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவை காட்டுகிறேன். மரங்கொத்தி உண்டு, இருவாச்சி உண்டு, மீன்கொத்தி உண்டு. ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, தவளைவாயன். மலையாளத்தில் மாக்காச்சிக்காட என்பார்கள். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். தவளைக்கு வைக்க வேண்டிய வாயைத் தவறிப்போய் இதற்கு வைத்துவிட்ட மாதிரி அகலமான அலகு. ராத்திரியில் பூச்சி பிடிக்கும். பகல் முழுக்க ஏதாவது கொடியிலோ ஈற்றை என்கிற சின்ன மூங்கில் புதரிலோ அலகைத் தூக்கி, கண்ணை ஒரு கோடாக மூடிக்கொண்டு, காய்ந்த இலைக்கொத்து மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. அதாவது ஒன்று போன மாதம் காய்ந்த இலை, இன்னொன்று இந்த வாரம் காய்ந்த இலை.

"அதோ பாருங்க" என்று விரலை நீட்டி, "எங்கே, எங்கே" என்று கேட்கிற ஆளின் பக்கத்தில் தோள் வலிக்க நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தேர் உச்சியைக் காட்டியிருப்பீர்கள், கல்யாண மண்டபத்தில் பெண்ணின் சித்தப்பாவைக் காட்டியிருப்பீர்கள். உங்களுக்கு அது என்றைக்கோ ஒரு நாள். எனக்கு வாரத்தில் ஐந்து நாள்.

இலை முழித்தது

முன்பு நான் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். ஆபீசில் எல்லாரும் சேர்ந்து கல்லாற்றுக்கு ஒரு தடவை பிக்னிக் போனோம். மற்றவர்கள் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். நான் பாறையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிரே ஒரு கொடியில் தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த இலைக்கொத்து ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மஞ்சள் கண். பிறகு, பார்த்தது போதும் என்பது மாதிரி மெதுவாக மூடிக்கொண்டது. நான் கூப்பிட்டு மற்றவர்கள் வருவதற்குள் அது பழையபடி இலையாகிவிட்டது. "வெயில் தலைக்கு ஏறிடுச்சு, மோர் குடி" என்று ஒரு டம்ளரை நீட்டினார்கள்.

அந்தக் கண்ணை மறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போக ஆரம்பித்தேன். பைனாகுலர் வாங்கினேன். சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது அது எப்படிக் கூப்பிடும், ஜோடியாக எந்தக் கொடியில் உட்காரும், எந்த மாதம் கூடு வைக்கும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்தவர்களைக் கூட்டிப் போனேன், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். ஒரு நாள் துணிந்து ஆபீஸ் வேலையை விட்டேன். என் வீட்டுக்காரர் தாணுவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் கணக்கு வேலை. நாங்கள் இரண்டு பேருமே நாஞ்சில் நாட்டுக் குடும்பம். எங்கள் பக்கம் பகவதி என்ற என் பெயர் பேச்சில் பாவதி ஆகிவிடும். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காய்ஞ்ச எலையப் பாக்க ஆளு வருமுன்னா நீ எதுக்கு பாவதி கல்லாறு வரைக்கும் போற? நம்ம முத்தத்துப் பலாமரத்துக்குக் கீழ ஒரு டிக்கெட் கவுண்டர் போட்டுரலாமே."

மேனேஜர் பார்த்த பறவை

எனக்கு வந்த முதல் கஸ்டமர் திருநெல்வேலிக்காரர். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் தொங்கிய பைனாகுலரின் எடையில் முன்னால் சாய்ந்தே நடந்தார். அன்றைக்கு அதிர்ஷ்டம், ஆணும் பெண்ணும் ஒரே கொடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நான் மெதுவான குரலில் வழி சொன்னேன். வெள்ளையாக ஒரு மரம், அதில் முதல் கிளை, கிளையில் தொங்குகிற கொடி, கொடி வளைகிற இடம். அவர் பைனாகுலரை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார், ஒரு தடவை என் முகத்தையே பார்த்தார். திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அவர், "ஆமா ஆமா, அருமை, அருமை" என்றார். பைனாகுலர் அப்போது ஆற்றைப் பார்த்து இருந்தது.

நான் திருத்தப் போகவில்லை. முதல் கஸ்டமர், பெரிய மனுஷர். ஜீப்பில் திரும்பி வரும்போது அவருக்கு ஒரே சந்தோஷம். வழி முழுக்க ஊருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு பறவைகளும் நாங்கள் போனபோது எப்படி இருந்தனவோ, கிளம்பும்போதும் ஒரு இறகுகூட அசையாமல் அப்படியே இருந்தன. ஆனால் விதுரை தாண்டும்போது அவர் போனில் யாரிடமோ சொன்னார்: "பறந்து போறதுக்கு முன்னால ஒரு தடவ கழுத்தத் திருப்பி என்னையப் பாத்துச்சு வே, அதுக்கே குடுத்த ரூவா சரியாப் போச்சு."

விழுந்தது

கஸ்டமர்களை மட்டும் குறை சொன்னால் போதாது. ஒரு மழைக்கால ஆரம்பத்தில் தஞ்சாவூரில் இருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். சாந்தமான பெண்மணி. நான் சொன்ன இடத்தில் நின்றார், சொன்ன திசையில் பார்த்தார். உடனே தெரிந்துவிட்டது என்றும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. இப்படி ஒரு கஸ்டமருக்காகத்தானே காத்திருந்தேன். அலகைப் பாருங்கள், மேல்நோக்கி இருக்கிறது, அலகடியில் மீசை மாதிரி முள்முடி தெரிகிறதா, தோளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா, இது பெண் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் எல்லாம் தெரிகிறது என்று தலையாட்டினார். புள்ளிகளை எண்ணிக்கூடச் சொன்னார்.

அப்போது மேற்கில் இருந்து ஒரு காற்று அடித்தது. பறவை கொடியில் இருந்து கழன்று, இரண்டு சுற்று சுற்றி, சத்தமில்லாமல் ஆற்றில் விழுந்து மிதந்து போனது. தேக்கிலை. நாலைந்து தேக்கிலைகள் சேர்ந்து சுருண்ட கொத்து. மேலே எந்த மரத்தில் இருந்து வந்து அங்கே சிக்கியதோ தெரியவில்லை. நான் பைனாகுலரைக் கண்ணில் இருந்து எடுக்காமல் வெறும் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா என் கையைத் தொட்டு, ரொம்ப வருத்தமான குரலில் கேட்டார்: "பாவம், வயசான பறவையா மேடம்?"

ஷிபு சாட்சி சொன்னது

ஜீப் ஓட்டுகிற ஷிபு நெடுமங்காட்டுக்காரன். அவனுக்குத் தெரியாத வளைவு அந்த மலைப்பாதையில் கிடையாது. ஆனால் கல்லாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் ஒரு அடி வைக்க மாட்டான். அட்டை என்றால் அவ்வளவு பயம். அதனால் எத்தனையோ பேரை எனக்காக ஏற்றி வந்தும், தவளைவாயனை அவன் பார்த்ததே இல்லை. பார்க்காததில் அவனுக்குக் கவலையும் இல்லை. அவனுடைய அபிப்பிராயத்தை என்னிடமே சொல்லியிருக்கிறான். ஆனை என்றால் ஆனை, மயில் என்றால் மயில். காசு கொடுத்துப் பார்க்கிற பொருள் தூரத்தில் இருந்தே தெரிய வேண்டும்.

ஒரு தடவை டீக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தோம். புதிதாக வந்திருந்த ஒரு கஸ்டமர், நான் கை கழுவப் போன சமயம் பார்த்து ஷிபுவை மெதுவாக விசாரித்தார். நிஜமாகவே பறவை இருக்கிறதா, இல்லை சும்மா சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்களா என்று. குழாயடியில் நின்ற என் காதில் நன்றாகவே விழுந்தது. ஷிபுவுக்கு என் மேல் மரியாதை உண்டு, பொய் சொல்லவும் வராது. டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "சேச்சி கண்டிப்பா காணிச்சுத் தரும் சாரே. பின்னே, காணுறது சாரோட சாமர்த்தியம்."

தயிர்

சென்னையில் இருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கல்யாண நாள். பையனும் பெண்ணும் வெளிநாட்டில் இருந்து சேர்ந்து ஏற்பாடு பண்ணிக் கொடுத்த பயணமாம். நான் விரலை நீட்டுவதற்கு முன்னாலேயே அந்த அம்மா, "ரெண்டு இருக்கு, ஒட்டி ஒட்டி உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். என் தொழிலில் இப்படி நடப்பது அபூர்வம். அவருடைய கணவருக்குத்தான் தெரியவில்லை. அந்த அம்மா விரலால் காட்டினார், குச்சியால் காட்டினார், அவருடைய மோவாயைப் பிடித்துத் திருப்பி வைத்தும் காட்டினார். அவர் பார்த்தது எல்லாம் இலை. நானும் பின்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். லேசர் விளக்கு வைத்துக் காட்டலாமே என்று அவர் கேட்டார். பறவையின் கண்ணில் பட்டால் கெடுதல், அதனால் வைத்துக்கொள்வதில்லை என்றேன்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம் சுற்றிப் போனால் வெளிச்சம் நன்றாக விழும், வாருங்கள் சார் என்று கூப்பிட்டேன். அந்த அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னார்: "விடுங்க மேடம், வீட்ல ஃப்ரிட்ஜைத் திறந்தா நேர் எதிர்ல இருக்கற தயிரையே இவருக்கு நான்தான் வந்து எடுத்துக் குடுக்கணும்."

வாயைத் திறக்கச் சொல்லுங்கள்

பறவையே தெரியாதவர்களைச் சமாளிக்கலாம். நிறையத் தெரிந்தவர்கள் வந்தால்தான் கஷ்டம். மும்பையில் செட்டிலான ஒரு தமிழர், நாடு முழுக்கச் சுற்றிப் பறவை பார்த்தவர், ஒரு நாள் வந்தார். பறவையைக் காட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு, "இது பக்கியா இருக்கலாமே?" என்றார். பக்கி என்பது இதற்குத் தூரத்துச் சொந்தம். அதுவும் பகலில் அசையாமல் கிடக்கிற ஜாதிதான். பக்கி தரையிலோ கிளையோடு நீளவாக்கிலோ படுக்கும், இது நிமிர்ந்து உட்காரும் என்றேன். நிமிர்ந்து உட்காருகிற பக்கி இருக்கக் கூடாதா என்றார். தலை பெரிது, அலகடியில் முடி அடர்த்தி என்றேன். இந்த வெளிச்சத்தில் எல்லாருக்கும் தலை பெரிதாகத்தான் தெரியும் என்றார்.

அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். வாயின் அகலத்தைக் கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வாராம். சரி என்று மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். காடு அமைதியாக இருந்தது. வெயில் ஒரு பக்கம் இருந்து இன்னொரு பக்கம் நகர்ந்தது. அட்டைகள் எங்கள் இரண்டு பேரையும் பாரபட்சமில்லாமல் கவனித்துக்கொண்டன. பறவை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தது அவர்தான், பெரிய கொட்டாவி. தாடை தெரிய, கண்ணில் தண்ணீர் வர, நன்றாக விட்டார். பறவை ஒரு கண்ணை லேசாகத் திறந்து, அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவர் நாற்காலியை மடக்கினார். "சரி, தவளைவாயன்னே வெச்சுக்கலாம்," என்றார், "ஆனா அது என்னை அடையாளம் கண்டுபிடிச்ச வேகத்துல நான் அதைக் கண்டுபிடிக்கலை."

ஒற்றை நட்சத்திரம்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பையன், அரவிந்த் என்று பெயர், நண்பர்களோடு வந்தான். பாதி நேரம் போனில் இருந்தான். நான் காட்டிய இடத்தைப் போனிலேயே இரண்டு படம் எடுத்தான். போய்விட்டான். மறுநாள் இன்டர்நெட்டில் என் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தான். இந்த அம்மாள் காய்ந்த இலையைக் காட்டிப் பறவை என்று ஏமாற்றுகிறார், சாட்சிக்கு இதோ படம், யாரும் போகாதீர்கள்.

படிப்பதற்கு வேடிக்கையாக இருக்கும், எனக்கு அன்றைக்கு அப்படி இல்லை. சீசன் நேரம். வரச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மெசேஜ் அனுப்பினார்கள்: வீட்டில் உடம்பு சரியில்லை, மாமனார் ஊருக்கு வந்துவிட்டார், பிறகு பார்க்கலாம். அப்புறம் மெசேஜும் நின்றது. ஷிபு வேறு சவாரிக்குப் போக ஆரம்பித்தான். தாணு ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. அது குத்திப் பேசுவதைவிட வலித்தது. விஷயம் கிழக்கேகோட்டைப் பக்கம் வரைக்கும் போய்ச் சேர்ந்து, பழைய ஆடிட்டர் சார் போன் பண்ணினார். என் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பீரோவில் இருந்து ஆபீஸ் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டேன். போட்டுவிட்டு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

அழுது முடித்துவிட்டு, அந்தப் பையன் போட்ட படத்தைக் கடைசியாக ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். நட்ட நடுவில் இரண்டு தவளைவாயன்கள். அலகு, மீசைமுடி, புள்ளி எல்லாம் துல்லியம். எனக்கே அப்படி ஒரு படம் கிடைத்ததில்லை. அவன் எழுதியதற்குக் கீழே பதில் எழுதினேன்: 'அன்புள்ள தம்பிக்கு, உங்கள் படத்தில் இடது பக்கம் இருப்பது பெண், வலது பக்கம் ஆண். மிக அருமையான படம். எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?'

அவன் போட்ட அந்தப் படத்தை யாரோ எடுத்து, 'இதில் பறவை எங்கே?' என்று வாட்ஸப்பில் புதிர் மாதிரி சுற்ற விட்டார்கள். எங்கள் தெரு குரூப்பிலேயே வந்தது. அதற்குப் பிறகு என் போன் சும்மா இருந்த நாள் இல்லை. ஆடிட்டர் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் குடும்பத்தோடு வர ஒரு தேதி கேட்டார். அரவிந்தும் கூப்பிட்டான். நல்ல பையன்தான், குரலில் வெட்கம் தெரிந்தது. எழுதியதை எடுத்துவிடுவாயா தம்பி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "மூணு ஸ்டார் ஆக்கிடறேன் சேச்சி, அது கண்ணத் திறந்து வெச்சிருந்தா அஞ்சே குடுத்திருப்பேன்."

தொப்பி மாட்டிய கிளை

புதிர் சுற்றியதில் நல்லவர்களும் வந்தார்கள், கேமராக்காரர்களும் வந்தார்கள். கேமராக்காரர்கள் எல்லாரையும் குறை சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் இருந்து ஒரு குழு வந்தது. அவர்களுக்குத் தலைவர் கோவிந்தராஜ். அவருக்குப் பறவை போதாது, கூடு வேண்டும். ஜீப்பில் வரும்போதே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வேறொரு காட்டில் ஒரு கூடு கிடைத்ததாம், குறுக்கே கிளைகள் மறைத்ததாம், கத்தரியால் நறுக்கிவிட்டாராம், படம் கண்ணாடி மாதிரி வந்ததாம். அப்புறம் அந்தப் பறவை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அடுத்த நாள் போனா காணோமுங்க" என்றார். அவருடைய பையின் பக்கவாட்டில் அந்தக் கத்தரி சொருகியிருந்தது.

ஜீப்பைத் திருப்பச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஏனென்றால் அந்தச் சமயம் ஒரு கூடு இருந்தது. நாங்கள் நடக்கப் போகிற பாதையிலேயே, கை எட்டுகிற உயரத்தில், ஒரு மெல்லிய கிளையில். கூடு என்று பெயர்தான், தன் இறகுப் பஞ்சையும் மரப்பாசியையும் ஒட்டி வைத்த ஒரு சின்ன அடை. அதில் ஒரே ஒரு வெள்ளை முட்டை. ராத்திரி அம்மா அடைகாக்கும், பகலில் அப்பா. சுற்றி இருக்கிற இலையை வெட்டினால் வெயில் விழும், காக்கைக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாம் என்று நான் திரும்பினாலும் அவர்கள் தாங்களாகவே அந்தப் பாதையில் போவார்கள். அதனால் நானே முன்னால் நடந்தேன். அன்றைக்குக் கேமரா முக்காலிகள் அதிகம். தூக்க ஆள் போதாமல், காலெல்லாம் உப்பும் மூக்குப்பொடியும் பூசிக்கொண்டு ஷிபுவும் முதல் தடவையாகக் காட்டுக்குள் வந்தான்.

நேராக அந்த மரத்தடிக்கு வந்ததும் கோவிந்தராஜ் நின்றார். மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றி அந்தக் கிளையிலேயே மாட்டினார். தொப்பிக்கும் பறவைக்கும் இடையில் ஒரு சாண்தான். பறவை விறைத்து, அலகை மேலே தூக்கி, கட்டை மாதிரி ஆகிவிட்டது. நான் உடனே எதிர்ப்பக்கம் விரலை நீட்டினேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மூடுபனிக்குள், கொடியில் ஒரு காய்ந்த ஈற்றை இலைக்கொத்து. நடுவில் பூச்சி அரித்த ஒரு ஓட்டை. "அதோ, கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது" என்றேன். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கேமராக்கள் சடசடவென்று அடித்தன. ஆணா பெண்ணா என்று கோவிந்தராஜ் கேட்டார். ஆண், நல்ல வயசான ஆண் என்றேன். கூடு இருக்கிறதா என்றார். இந்த வயசில் எங்கே என்றேன்.

அவர்கள் எடுத்து முடிக்கும் வரை நான் கூட்டின் பக்கம் திரும்பவே இல்லை. ஷிபுதான் தொப்பியை எடுக்கப் போனான். போனவன் அப்படியே நின்றான். பிறகு ஒரு விரலால் தொப்பியை மட்டும், கிளை ஆடாமல், கழற்றிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் ஏறிய பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "சேச்சி, அந்தத் தொப்பிக்குப் பக்கத்துல இருந்த எல என்னைய நோக்கிக் கண்ணு தொறந்துச்சு; ஞான் யாரோடயும் பறைய மாட்டேன்."

சட்டத்துக்குள்

முட்டை பொரிந்தது. சில வாரங்களுக்குப் பிறகு அதே பக்கத்தில் ஒரு கொடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா, நடுவில் பஞ்சு உருண்டை மாதிரி குஞ்சு. அன்றைக்கு யாரையும் கூட்டிப் போகவில்லை, நானும் ஷிபுவும் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

அதற்கு அப்புறம்தான் கோவிந்தராஜிடம் இருந்து அழைப்பு வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு ஹாலில் அவருடைய குழு படக் கண்காட்சி வைக்கிறது, நான்தான் வழிகாட்டியதால் கட்டாயம் வர வேண்டும் என்று. தாணுவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ரோஜாப்பூ கொடுத்தார்கள். நுழைந்ததும் நேர் எதிரே, ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு, விளக்கு வைத்து, அந்த ஈற்றை இலைக்கொத்து. மூடுபனி, கொடி, பூச்சி அரித்த ஓட்டை. கீழே 'தவம்' என்று தலைப்பு. சுற்றி ஒரு கூட்டம். கோவிந்தராஜ் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அலகு எது, மீசை எது, தோள்புள்ளி எது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் தலையாட்டினார்கள். அந்தக் கண்ணில் எவ்வளவு சோகம் என்று ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்தார். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் இரண்டு வார்த்தை பேசினேன். இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒன்றை நான் காட்டில் வேறு எங்கேயும் பார்த்ததில்லை என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கீழே இறங்கித் தாணுவைத் தேடினேன். அந்தப் படத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் பார்த்தார். கல்லாற்றுக்கு நான் அவரை எத்தனை தடவை கூட்டிப் போயிருப்பேன், ஒரு தடவையாவது தெரிந்தது என்று சொன்னதில்லை. இப்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. என் தோளில் கையை வைத்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இப்பத்தான் பாவதி எனக்குப் பளிச்சுன்னு தெரியுது, இத்தன நாளும் நீ சரியான ஆங்கிள்ல காட்டல்ல."

காட்டில் பறவையைக் காட்டி இலைக்காரி என்றும், ஊரில் இலையைக் காட்டிப் பறவைக்காரி என்றும் பேர் வாங்கியிருக்கிறேன் என்பதால், என்னிடம் வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி கொண்டு வந்தாலும் சரி, கொண்டு வராவிட்டாலும் சரி, ஏதாவது ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.